பெயர் கேட்ட இடத்தில் ஒரு கோடு

சிவமயம்

பினாங்கு,
தாரண வருடம், சித்திரை மாதம்.

என் அன்பு மகன் நாகநாதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் தவமணியும் குழந்தை ராணியும் உயிரோடும் புத்தியோடும் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். முன்பு எழுதியவை உன் கைக்கு வந்தனவோ தெரியாது. தபாலை நம்புவதை விட்டுவிட்டேன். இதைச் சூலியா தெருச் சீனி முகம்மதிடம் கொடுக்கப் போகிறேன். அவர் அரிசி வாங்க அலோர்ஸ்டார் வரை போய் வருகிறார். அங்கேயிருந்து சயாமில் உங்கள் ரயில் பாதைப் பக்கம் சாமான் ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவரை அவருக்குத் தெரியுமாம். நீளமாக எழுதினால் மடிக்கக் கஷ்டம், சுருக்கமாக எழுதுங்கள் அம்மா என்றார். எனக்குச் சுருக்கம் வராது என்று உனக்குத் தெரியும்.

நீ போகும்போது சுவரைப் பிடித்து நடந்த ராணி இப்போது வீட்டை ஓடியே தேய்க்கிறாள். கப்பல் துறைக்குக் கூட்டிப்போனால் அக்கரையைக் காட்டி அப்பா என்கிறாள். நீ பிறை ஸ்டேஷனில் வேலை முடித்துப் படகில் வருவாய் என்று அந்த நாளில் யாரோ காட்டியிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. சயாம் எந்தப் பக்கம் என்று எனக்கே கை நீட்டிக் காட்டத் தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். கிளார்க்கு வீட்டுப் பெண்கள் கூலிக்குப் போவதா என்று உனக்குக் கோபம் வரும். உன் கோபத்தை வந்து நேரில் காட்டு, கேட்டுக்கொள்கிறேன். கடற்கரைத் தெருப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் ஜப்பான் சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கிறார்கள். தவமணிக்கு மெஷின். எனக்குப் பொத்தான் துளை. நான் கட்டிய துளையில் ஒரு நூல் பிரியாது. காசு எதற்கும் உதவாது, ஆனால் முன்கட்டில் தைப்பவர்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் போனோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் பட்டறையில் புதிதாகப் பதிவு எடுத்தார்கள். எழுதியது ரொஸ்னா என்ற மலாய்ப் பெண். நல்ல பிள்ளை. ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுப் பெயர், வீடு, புருஷன் பெயர் கேட்டு எழுதினாள். எனக்கு அன்று காய்ச்சல், வீட்டில் கிடந்தேன். தவமணியிடமும் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறாள். உன் பெயரை அவள் வாயால் சொல்வாளா? சொன்னால் உன் ஆயுசு குறையும் என்று அவள் தாயும் சொல்லிக் கொடுத்தாள், நானும் சொல்லிக் கொடுத்தேன். நல்ல காலத்திலேயே சொல்லாதவள், நீ அந்தக் காட்டில் இருக்கும்போதா சொல்லப் போகிறாள்? தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். எப்போதும் இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் நிற்கும் பெண் யாராவது சொல்லிவிடுவாள். அன்று முன்னும் பின்னும் நின்றவர்கள் சீனப் பெண்கள், அவர்களுக்கு உன்னைத் தெரியாது. இவளுக்குக் கண்ணும் கலங்கிவிட்டதாம். நெற்றியில் குங்குமம் இல்லை. எந்தக் கடையில் இருக்கிறது இப்போது குங்குமம்? தாலிக்கொடியைத் திருடனுக்குப் பயந்து சட்டைக்குள் போட்டிருக்கிறாள். ரொஸ்னா என்ன நினைப்பாள்? மேலே கேட்டுப் புண்ணைக் கிளற வேண்டாம் என்று, பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். இரக்கப்பட்டு இழுத்த கோடு.

மறுநாள் நான் போய் நின்றேன். எனக்கும் கோடு. அது சரியான கோடு.

பட்டறைக்குப் பெரியவர் ஒரு ஜப்பான்காரர். அவர் எப்போதாவது வந்து சட்டைகளை எண்ணிப் பார்த்துப் போவார். எங்களை மேய்ப்பது மண்டோர் நல்லமுத்து. பக்திமான். விதவை கை புதுத் துணியில் படக்கூடாது, காலையில் முதல் கத்தரி போடும்போது எதிரில்கூட நிற்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. பதிவு கைக்கு வந்ததும் கோடு விழுந்தவர்களை எல்லாம் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பழைய உடுப்புகளைத் துவைத்து, பிரித்து, ஒட்டுப் போட வேண்டும். சவர்க்காரம் கிடையாது, சாம்பல் தண்ணீர்தான். என்ன கறை என்று நான் எழுதவில்லை. பின்கட்டில் இருப்பவர்கள் தையல்காரர் கணக்கில் இல்லை என்று அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு.

என்னை அனுப்பியதற்கு நான் வாய் திறக்கவில்லை. உன் அப்பா போன நாளிலிருந்து நல்ல காரியங்களில் பின்னால் நின்று பழகிவிட்டேன். ஆனால் தவமணியை? நேரே மண்டோரிடம் போனேன். பெரியவர் முத்திரை வைத்த பதிவு, கோடு என்றால் கோடுதான் என்றார். என் மகன் அரசாங்க வேலைக்காகச் சயாமுக்குப் போயிருக்கிறான் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சயாமுக்குப் போனவன்ல எவம்மா திரும்பி வந்தான்? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எழுதப்போற கோடுதானே.”

பதில் இல்லாமல் நான் வரவில்லை. பதில் சொன்னால் அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்தது ஆகிவிடும் என்று வந்துவிட்டேன்.

ரொஸ்னா அழுதாள். ஆனால் முத்திரை வைத்த பதிவில் அவள் கை வைக்க முடியாது. வேலையாட்கள் குறை கேட்க அரசாங்கக் கந்தோர் ஒன்று இருக்கிறது, அவர்கள் உத்தரவு போட்டால் மாற்றலாம் என்றாள். பக்கத்து வீட்டுக் கனகசுந்தரம் மாஸ்டர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். இந்தக் காலத்தில் கூப்பிடாமல் கந்தோர் வாசலுக்குப் போகிறவர்கள் உண்டா என்றார். நான் தமிழில் எழுதினேன், ரொஸ்னா மலாயில் எழுதித் தந்தாள். மண்டோர் கேள்விப்பட்டுவிட்டு எல்லார் முன்னாலும், யாழ்ப்பாணத்து அம்மா எத்தனாங் கிளாஸ் சட்டம் படித்தது என்று சிரித்தார். ஐந்தாம் வகுப்பு, தம்பி எதுவரை என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கந்தோர் வாசலில் சிப்பாய்க்கு இடுப்பை வளைத்துக் கும்பிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கும்பிட்டேன். உள்ளே இருந்த கிளார்க்கு மனுவை வாசித்துவிட்டு, புருஷன் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார். அவன் கைப்பட ஒரு கடிதம், அல்லது அங்கே உள்ள மேலாள் கொடுக்கும் ஒரு துண்டு. வந்தால் கோட்டை அழித்து உன் பெயரை எழுதுவார்களாம்.

ஆகவே தம்பி, ஒரு வரி எழுது. பெரிய கடிதம் வேண்டாம். காகிதம் இல்லாவிட்டால் சிகரெட் பெட்டி அட்டையில் எழுது. உன் கையெழுத்து, தேதி, அது போதும். தவமணி வேறொன்றும் சொல்லச் சொல்லவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை விளக்கைத் தூண்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறாள்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அன்னப்பிள்ளை.


பினாங்கு,
ஆனி மாதம்.

அன்பு மகன் நாகநாதனுக்கு,

நலமாக இரு. உன் துண்டு இன்னும் வரவில்லை. லாரிக்காரர் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சீனி முகம்மது சத்தியம் செய்கிறார். பாவம், வருகிற ஒவ்வொரு முறையும் நான் கேட்பதற்கு முன்பே அந்தப் பையைப் பற்றிச் சொல்கிறார்.

ராணிக்குச் சிரங்கு வந்து ஆறிவிட்டது. வீட்டுப் பின்னால் கீரை போட்டிருக்கிறோம். தவமணியின் கைதான் சாம்பல் தண்ணீரில் தோல் உரிந்து கிடக்கிறது. மெஷினில் ஓடிய கை. சொல்லிக் காட்டமாட்டாள், உனக்குத் தெரியுமே. தேங்காய் எண்ணெய் தடவி விட்டேன்.

பின்கட்டில் எங்களோடு இருப்பவர்களில் இருவரைப் பற்றி எழுத வேண்டும். ஒருத்தி சுலைஹா, சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மனைவி. கடையையும் அவரையும் முதல் குண்டுவீச்சிலேயே பறிகொடுத்தவள். எதைச் சொன்னாலும் அதில் ஒரு கேலி வைத்திருப்பாள். மற்றவள் ருக்குமணி. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண். அவள் புருஷனையும் சயாமுக்குத்தான் கொண்டு போனார்கள். வாந்திபேதியில் போய்விட்டான் என்று, தப்பி வந்த ஒருவன் நேரில் வந்து சொல்லிவிட்டான். கைக்குழந்தையோடு டவுனுக்கு வந்துவிட்டாள்.

ஒரு நாள் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பழைய சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். தவமணி குழாயடியில். என் மகனின் துண்டு வரட்டும், மருமகள் முன்கட்டுக்குப் போய்விடுவாள் என்று நான் சொன்னேன். நாள்தோறும் சொல்கிற வார்த்தைதான். நம்ம ஆச்சி மருமகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்கட்டை ஆளப் போகிறார்கள் என்றாள் சுலைஹா. நானும் சிரித்தேன். ருக்குமணி சிரிக்கவில்லை. தையலைப் பிரித்துக்கொண்டே, சண்டைக்கு இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.

“ஏன் ஆச்சி, உங்க மகன் உசுரோட இருந்தா அவங்களுக்கு அரிசி. எம் புருசன் செத்துட்டாரு. அதுக்காக எம் புள்ள கிழங்கு திங்கணுமா?”

கெர்ஜா சாமா, பெராஸ் சாமா என்றாள் சுலைஹா. வேலை ஒன்றென்றால் அரிசியும் ஒன்று என்று மலாயில் சொன்னது. அதிலும் ஒரு கேலி இருக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அன்று முழுக்க எனக்குக் கோபம். ருக்குமணி மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மனுவின் நகலை எடுத்து வாசித்தேன். என் மருமகள் விதவை அல்ல, ஆகவே அவளைப் பின்கட்டில் வைத்தது அநியாயம் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தேன். அப்படியானால் விதவையை வைப்பது நியாயம் என்றுதானே அர்த்தம்? மண்டோர் சொல்வதும் அதுதான். அவர் வாய்ச்சொல், என் கையெழுத்து. நானும் அந்தப் பின்கட்டில்தானே இருக்கிறேன் மகனே. என் பொத்தான் துளை என்ன, உன் அப்பா இருந்தபோது ஒரு மாதிரியும் இப்போது வேறு மாதிரியுமா இருக்கிறது?

வேறு மனு எழுத உட்கார்ந்தேன். தவமணியைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். இதில் யாருடைய புருஷனைப் பற்றியும் பேச்சு இல்லை. ஒரே ஊசி, ஒரே நேரம், அரிசி மட்டும் ஏன் இரண்டு என்று கேட்கப் போகிறோம். முன்கட்டு, பின்கட்டு வேலையை எல்லாரும் முறை வைத்துச் செய்யட்டும். உன் துண்டு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

“மாமி, அப்ப அவர் இருக்கிறாரெண்டு அதிலை எழுதமாட்டியளோ?”

அதை எழுதுகிற இடம் அது இல்லைப் பிள்ளை என்றேன். சரி மாமி என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய், மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தாள்.

மனுவில் சுலைஹா கையெழுத்துப் போட்டாள். ருக்குமணி பெருவிரல் வைத்தாள். பயந்தவர்களை நான் வற்புறுத்தவில்லை, பயப்பட வேண்டிய காலம்தான். தவமணி தன் பெயரை நிதானமாக எழுதினாள். ரொஸ்னா இந்த முறையும் மலாயில் எழுதித் தந்தாள், வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லி.

அடுத்த கிழமை எங்களைக் கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மண்டோரையும் பதிவோடு வரச் சொல்லியிருக்கிறார்களாம். எங்களுக்கு ஒன்று நேர்ந்தால் ராணியைத் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வதாகக் கனகசுந்தரம் மாஸ்டரும் மனைவியும் சொல்லியிருக்கிறார்கள். அவர் இப்போது வேண்டாம் என்று சொல்வதில்லை. என் மனுவில் இரண்டு பிழை திருத்தித் தந்தார். ஒன்று பிழையே இல்லை.

துண்டு அனுப்பாதே என்று இதற்கு அர்த்தம் எடுக்காதே. முருகன் துணை.

அம்மா,
அன்னப்பிள்ளை.


பினாங்கு,
ஆடி மாதம்.

என் கண்ணான மகன் நாகநாதனுக்கு,

இதைச் சீனி முகம்மது லாரிக்காரர் கையில் கொடுக்கமாட்டார். தானே கொஞ்ச தூரம் சயாமுக்குள்ளே போய்த் தெரிந்தவர்களிடம் விசாரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

கந்தோரில் நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் வரிசையாக நின்றோம். மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க, மலாய் பேசுகிற ஒரு பார்மோசாக்காரர். மண்டோர் பதிவை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி மனுவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கோடு விழுந்தவர்களை ஏன் பிரித்து வைத்தாய் என்று மண்டோரைக் கேட்டார். முதல் கத்தரி, புதுத் துணி, கெட்ட சகுனம் என்று மண்டோர் மலாயில் சொல்லப் பார்த்தார். பார்மோசாக்காரருக்குச் சகுனம் விளங்கவில்லை. துணி கெட்டுப்போகுமா என்று திருப்பிக் கேட்டார். மண்டோருக்கு வேர்த்தது.

பிறகு அதிகாரி பேனாவை எடுத்து, பதிவு சரியா என்று பார்க்க எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். புருஷன் பெயர். அவரவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் உள்ளவர் சொல்லக்கூடாது. சுலைஹா சொன்னாள். அடுத்து ருக்குமணி. பிச்சைமுத்து என்று தெருவில் போகிறவனைக் கூப்பிடுவது போலச் சத்தமாகச் சொன்னாள். இனிக் குறைய அவனுக்கு ஆயுசு இல்லை. அடுத்து நான். உன் அப்பாவோடு வாழ்ந்த காலத்திலும் சொல்லாத பெயர், அவர் போன பிறகும் சொல்லாத பெயர், கந்தப்பு. வாய்க்குள் புதிதாக இருந்தது. கல்யாணமான வயதிலிருந்தே சொல்லியிருக்கலாம் போல இருந்தது.

கடைசியில் தவமணி. தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொல்லாவிட்டாலும் மனுவுக்கு ஒன்றும் இல்லை, அதில் புருஷனைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நானும் சொல்லாதே பிள்ளை என்றுதான் மனதுக்குள் சொன்னேன். அதிகாரி காத்திருந்து பார்த்தார். பேனாவைப் பதிவில் வைத்தார், பழைய கோட்டின் மேலேயே இன்னொரு கோடு இழுக்க. அதை அவள் பார்த்துவிட்டாள்.

“நாகநாதன்” என்றாள். பிறகு யாரும் கேட்காமலே, “இருக்கிறார்” என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். பார்மோசாக்காரர் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி பேனாவைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்.

தீர்ப்பு இதுதான். பட்டறைப் பதிவில் புருஷன் பெயர் எழுதுவது இனி இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவு அரிசி. பின்கட்டு வேலை முறை வைத்து. அதிகாரி எழுந்து எல்லார் முன்னாலும் மண்டோரின் கன்னத்தில் அறைந்தார். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் அரிசி கேட்கத்தான் போனேன்.

வென்றோம் என்று எழுத ஆசைதான். ஆனால் பட்டறைக்கு வரும் அரிசி கூடவில்லை. இருப்பதைத்தான் எல்லாருக்கும் பங்கு போடுகிறார்கள். முன்கட்டில் இருந்தவர்களுக்குக் குறைந்துவிட்டது. ஹமீதா என்று ஒரு பெண், முன்பு என்னை அம்மா என்பாள், இப்போது நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. மண்டோர் எங்களோடு பேசுவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார். ருக்குமணி முதல் நாள் மெஷினில் உட்கார்ந்து ஊசியை முறித்தாள். தவமணி பக்கத்தில் இருந்து அவளுக்குக் கற்றுக் கொடுக்கிறாள். அவள் குழந்தை சோறு சாப்பிட்டதை நான் பார்த்தேன். அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

இனி மகனே, உன்னிடம் சொல்ல வேண்டியது. இவ்வளவு நாளும் நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஒரு கந்தோருக்குத் தேவை இருந்தது. கிளார்க்கு கேட்டார், மண்டோர் கேட்டார், நான் உனக்கு எழுதினேன். அந்தக் கேள்வி இருந்தவரை எனக்கு ஒரு சாட்டு இருந்தது. துண்டு கேட்டது அரிசிக்காக என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த இடமே பதிவில் இல்லை. உன்னைக் கேட்க இந்த ஊரில் யாருக்கும் தேவையில்லை, இந்த வீட்டில் இருப்பவர்களைத் தவிர.

கந்தோரிலிருந்து வந்த நாளிலிருந்து தவமணி சரியாகச் சாப்பிடுவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டேனே மாமி, அவருக்கு ஏதும் வருமோ என்று கேட்கிறாள். ஒன்றும் வராது, அதெல்லாம் பழைய பேச்சு என்று சொல்லியிருக்கிறேன். மிகவும் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். என் குரலில் சந்தேகம் தெரியாமல் பேசுவதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அவள் தூங்கிவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனி மாதக் கடைசியில், காலை வேளையில், அங்கே யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல உனக்குத் தோன்றியிருந்தால், திரும்பிப் பார்த்து ஆள் இல்லை என்று பயந்துவிடாதே. அது அவள்தான். இனி நாள்தோறும் வீட்டில் சத்தமாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ராணியும் கற்றுக்கொண்டுவிட்டாள். மூன்று பேரும் கூப்பிடுகிறோம். நீ எங்கே இருந்தாலும், எப்படி இருந்தாலும், கூப்பிட்டதற்கு ஓம் என்று ஒரு சொல் எழுது ராசா. அதற்கு மேல் ஒன்றும் எழுதாதே. மற்றதெல்லாம் நான் எழுதிக்கொள்கிறேன்.

நீ நூறு வயது வாழ வேண்டும். எங்களோடு வாழ வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
கந்தப்பு அன்னப்பிள்ளை.